கடற்கோட்டைப் படியில் நான் சொன்ன பதில்

அன்பு மாறாத கருப்பையா அண்ணனுக்கு,

நீங்கள் உயிர்விட்ட இடத்திற்குப் போய் வந்தேன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமே தலைநிமிர்ந்து எழுத முடிகிறது. இதற்குப் பின் வருவதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

உங்களுக்கு எழுதும் கடிதத்தைப் பிறர் படிக்க அச்சில் கொடுப்பது என் இயல்புக்கு ஒவ்வாத காரியம். வீட்டு விஷயம் வீட்டோடு என்று இருப்பவன் நான். ஆனால் நான் சொன்ன வார்த்தை அந்நியர் முன்னிலையில் சொன்னது. அதை உங்கள் படத்துக்கு முன்னால் தனியாக நின்று திரும்பப் பெற்றுக்கொள்வது நேர்மை ஆகாது.

முதலில் ஊர்ச் சேதி. பதுளை வரைக்கும் ரயில் வந்துவிட்டது அண்ணே. வண்டி ஊதினால் ஸ்பிரிங்வெளி மலையில் கொழுந்து எடுப்பவர்கள் கூடையோடு நிமிர்ந்து பார்க்கிறார்கள், கங்காணி சத்தம் போடுகிறார், மறுநாளும் பார்க்கிறார்கள். துண்டு முறை ஒழிந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக இனித் துரையின் துண்டுச் சீட்டுக்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘நான் போனப்புறம்தான் எல்லாத்தையும் தொறந்து விடுறாங்க’ என்று சிரித்திருப்பீர்கள்.

உங்களை அறியாதவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. நானும் நீங்களும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லர். தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்தோம். என் தாயும் தகப்பனும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனபோது, அந்த இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் எனக்கு இல்லாமல் போயிற்று. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் முன் என்னை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டுத்தான் நீங்கள் மலைக்குப் போவீர்கள். அங்கிருந்து பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு நான் நடப்பேன். பாக்கியம் அண்ணி உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரத்திலேயே, ‘இந்தத் தம்பிக்கு நான்தான் சோறு போடுவேன்’ என்று சொல்லிவிட்டார். படித்தேன், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு உத்தியோகம் கிடைத்தது, பதுளை நகருக்குக் குடிவந்தேன். அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் அண்ணி சுட்ட ரொட்டி, துணியில் முடிந்து என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

உங்கள் முடிவும் சொல்லப்பட வேண்டும். சொந்த ஊர் பார்க்கப் போனவர், திரும்பும்போது எல்லோரையும் போல மண்டபம் நோய்த்தடுப்பு முகாமில் காத்திருந்து வராமல், நாகப்பட்டினத்தில் அரிசி ஏற்றிய பாய்க்கப்பலில் ஏறிவிட்டீர்கள். கப்பலில் அம்மை கண்டது. வடக்கே, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே, கடலுக்குள் நிற்கும் பழைய கோட்டையில் நோய்கண்டவர்களை இறக்கினார்கள். நீங்கள் கரை ஏறவில்லை. உடன் வந்து பிழைத்த லுணுகலைத் தோட்டத்து ஆள் ஒருவர் வந்துதான் சொன்னார். கடைசி நாளில் நீங்கள் தண்ணீர் கேட்டீர்களாம். கொடுத்ததைக் குடித்துவிட்டு, ‘இது இல்ல, நம்ம பீலித் தண்ணி’ என்றீர்களாம்.

அண்ணி அதைக் கேட்டு அழுதுகொண்டிருந்தபோது, ‘முறைப்படி மண்டபம் வழியாக வந்திருக்கலாம்’ என்று நான் சொன்னேன். சொன்னது சரிதான். இப்படிச் சரியாகச் சொல்லியே வாழ்ந்துவிட்டேன் அண்ணே.

உயிர் போன இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது நம் சனத்தின் வழக்கம். வீட்டில் போனவர்களுக்கு வீட்டு மூலையில் வைக்கிறோம். உங்களுக்கு எங்கே வைப்பது? அண்ணி ஆண்டுக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் பதுளைக்கு வந்ததும் கேட்பதை விட்டுவிட்டு உத்தரவு போடத் தொடங்கினார்.

“ரயிலு வந்துருச்சில்ல தம்பி? இனி என்ன சாக்கு?”

உரிய இடத்துக்கு விண்ணப்பம் எழுதி அனுமதி பெற்றேன். அண்ணி லயத்துப் பீலியில், மலையூற்று மூங்கில் வழியாக விழும் இடத்தில், விடியுமுன் போய் ஒரு செம்பு தண்ணீர் பிடித்தார். வாயில் மஞ்சள் துணி கட்டினார். அந்தச் செம்பு மடியை விட்டு இறங்கவில்லை. பொல்காவலையில் வண்டி மாறியபோது எதிரே உட்கார்ந்த ஒருவர் விசாரித்தார்.

“என்னம்மா, நெய்யா?”

“இல்லீங்க, தண்ணி.”

“யாழ்ப்பாணம் போறீங்க. அங்கே தண்ணி இல்லையா?”

“இருக்குமுங்க. வீட்டுக்காரருக்கு ஒத்துக்காது.”

“அவரு அங்கதான் இருக்காரா?”

“ஆமாங்க. அங்கேயேதான் இருக்காரு.”

அந்த மனிதர் திருப்தியோடு தலையாட்டினார். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அத்துடன் முடிந்தது.

காரைநகர்த் துறையில் சவிரி என்ற வள்ளக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். அங்கே கடல் நாம் நினைக்கும் கடல் அல்ல அண்ணே. அலை இல்லை, ஆழம் இல்லை. அடியில் பாசி அசைவது தெரிகிறது. கம்பு நட்டு வளைத்த மீன் அடைப்புகள் வயல் வரப்புப் போல ஓடுகின்றன. சவிரி நீண்ட கம்பை ஊன்றி ஊன்றித் தள்ளினார். நடுவில், கரை என்று ஒரு சாண் மணலும் இல்லாமல், தண்ணீரிலிருந்தே எழும்பி நிற்கிறது கோட்டை. பவளப்பாறையில் வெட்டிய முருகைக்கல் மதில். ஒரே வாசல். வாசலுக்குக் கீழே கடலுக்குள் இறங்கும் படிகள்.

“எணை அம்மா, செம்பைப் பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறியள். தாலாட்டும் பாடுவியளோ?” என்று சவிரி கேட்டார்.

“நீங்க வள்ளத்த ஆட்டாம ஓட்டுங்க. புள்ள முழிச்சிக்கிரும்” என்றார் அண்ணி.

படியில் கோட்டையின் ஓவர்சியர் நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை உடை, நிதானமான பேச்சு. நான் அணிந்திருந்த கோட்டு, தலைப்பாகையைப் பார்த்துக் கைகூப்பினார். அனுமதித்தாளை வாங்கிப் படித்தார்.

“ஐயாவும் ஐயாவின்ர குடும்பத்தாரும் எண்டு கிடக்கு. நல்லது, வாங்கோ.” பிறகு வள்ளத்தில் இருந்த அண்ணியைப் பார்த்தார். கால் விரலில் தேயிலைக் கறை, காதில் தண்டட்டி, மடியில் செம்பு. “இவ ஆர்? உங்கட சொந்தமோ?”

அவர் தடுப்பதற்காகக் கேட்கவில்லை. இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். குரலில் கடுமை இல்லை. ஆம் என்றால் கைகொடுத்து ஏற்றியிருப்பார். கேள்வி ஒன்றுதான். அதற்கு ஒரு சொல் போதும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா அண்ணே? “இல்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்” என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீதிமன்றத்தில் தினமும் சாட்சிகளுக்கு நான் சொல்லும் அறிவுரை இது: ‘கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உள்ளதை உள்ளபடி சொல்.’ இரத்த உறவு உண்டா? இல்லை. சம்பந்த வழி உறவு? அதுவும் இல்லை. ஆகவே ‘இல்லை’. இப்படித்தான் அன்றிரவு என்னிடம் நானே வாதாடினேன். ஆனால் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த வேகத்தில் எந்த வாதமும் இருக்கவில்லை. ‘ஐயா’ என்று கைகூப்பியவர், அடுத்த கணம் என்னையும் ‘தோட்டக்காட்டான்’ என்று இழிவாக எண்ணிவிடுவாரோ என்ற கூச்சம் மட்டுமே இருந்தது. அவர் அந்தச் சொல்லை உச்சரிக்கவே இல்லை. நானே அதை அவர் வாயில் வைத்து, நானே அதற்குப் பயந்தேன்.

“அப்ப அவ வள்ளத்தில இருக்கட்டும். குடும்பத்தார் எண்டு தான் எழுத்தில கிடக்கு” என்றார் ஓவர்சியர். சட்டப்படி அதுவும் சரி.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டார். முகம் மாறவில்லை. எழுந்து, வள்ளம் ஆடாமல் காலை ஊன்றி, செம்பை என்னிடம் நீட்டினார்.

“நீங்க போய்ட்டு வாங்க தம்பி. அவரு படுத்திருந்த எடத்துல ஊத்துங்க. பேரச் சொல்லி ஊத்துங்க.”

உள்ளே போனேன். ஓவர்சியர் கதை தெரிந்தவர். முதலில் பறங்கியர், போர்த்துக்கீசர்தான், கட்டினார்களாம். ஒல்லாந்தர் சுற்றி வளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் தண்ணீர்த் தொட்டி உடைந்துபோனதால் தாகம் தாங்காமல் வெளியே வந்தார்களாம். “நாலு பக்கமும் கடல். குடிக்க ஒரு சொட்டு இல்லை. பாத்தியளே?” என்றார். ஒல்லாந்தனுக்கு இலங்கை வரைபடம் பன்றித்தொடை போலத் தெரிந்ததாம். அதன் குதிக்கால் இந்த இடமாம், கோட்டைக்கு அந்தப் பெயரையே வைத்தானாம். நான் ரசித்துச் சிரித்தேன். எனக்குத் தெரிந்த இரண்டொரு செய்தியும் சொன்னேன். “உங்களைப் போலப் படிச்ச ஆக்கள் வாறது குறைவு” என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது அண்ணே. கையில் உங்கள் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கிறேன், அது இனித்தது.

“செம்பில என்ன?” என்று கேட்டார்.

“குடிப்பதற்குத் தண்ணீர்” என்றேன்.

“அதையேன் சுமந்து வந்தனீங்கள்? நாங்கள் தாறம் தானே.”

மதிலை ஒட்டி நீளமான அறைகள். சில கதவுகள் மூடியிருந்தன. ஒன்று திறந்திருந்தது, உள்ளே வெறும் தரை. அம்மை கண்டவர்களை எந்த அறையில் கிடத்தினார்கள் என்று ஒரு வாக்கியம் கேட்டிருக்கலாம். கேட்டால், ‘ஏன் கேக்கிறியள்? ஆரும் உங்கட ஆக்கள் கிடந்தவையோ?’ என்று அவர் திருப்பிக் கேட்பார். அதனால் கேட்கவில்லை. மதில்மேல் ஏறினோம், காற்று நன்றாக இருந்தது, கப்பல்கள் போகும் வழியைக் காட்டினார். நீங்கள் கிடந்த தரையை மிதித்தேனா, தாண்டிப் போனேனா என்பதுகூட எனக்குத் தெரியாது.

வெளியே வரும்போது ஓவர்சியர் உட்கதவைப் பூட்டத் திரும்பினார். வள்ளம் வெயிலுக்கு ஒதுங்கி மதிலின் மறுபக்கம் போயிருந்தது. நான் படியில் தனியாக நின்றேன். துணியை அவிழ்த்துச் செம்பைக் கடலில் கவிழ்த்தேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? நிறைந்த செம்போடு திரும்பினால் அண்ணிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவா? வேறு காரணம் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

வள்ளம் வந்தது. ஏறினேன்.

“ஊத்துனீங்களா?”

“ஊற்றினேன்.”

“பேரச் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“அந்த எடம் எப்பிடி? வெளிச்சமா இருக்கா? ஜன்னலு இருக்கா?”

“வெளிச்சமான இடம்தான்.”

அண்ணி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அந்த நேரத்தில் சவிரி கம்பை ஊன்றியபடியே சிரித்தார்.

“ஏன் ஐயா, கடலுக்கு உப்புக் கூடிப்போச்செண்டோ நல்ல தண்ணி விட்டனீங்கள்? நான் வள்ளத்து நுனியில நிண்டு மதில் மூலையால எட்டிப் பாத்துக்கொண்டு தானே இருந்தனான். இவ்வளவு பெரிய கடலுக்கு ஒரு செம்பு காணுமோ?”

பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்ததும், “நான் பகிடிக்குச் சொன்னனான்” என்று வாயை மூடிக்கொண்டார்.

அண்ணி செம்பை வாங்கினார். உள்ளே விரலை விட்டு அடியில் தடவிப் பார்த்தார். ஈரமிருந்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“பேரயாச்சும் சொன்னீங்களா?”

நான் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தேன்.

“அவரு பேரச் சொன்னா கோட்டு அழுக்காயிருமா?”

கரை நெருங்கியபோது சவிரி மெதுவாக, “கூலி வேண்டாம், இன்னொருக்காத் திரும்பிப் போவமோ?” என்று கேட்டார்.

“எதக் கொண்டு போறது?” என்றார் அண்ணி. “தண்ணி பதுளையில இருக்கு.” பிறகு என் பக்கம் திரும்பி, “எறங்குங்க ஐயா, கரை வந்துருச்சு” என்றார்.

ஐயா. இத்தனை ஆண்டில் அவர் வாயிலிருந்து எனக்கு அந்தச் சொல் வந்ததில்லை. ஓவர்சியர் வாயிலிருந்து வந்தபோது எனக்குப் பிடித்திருந்த சொல் அதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளை வரை அண்ணி அதைத்தான் சொன்னார். ‘சாப்பிடுங்க ஐயா.’ ‘ஜன்னல சாத்துங்க ஐயா, பனி அடிக்குது.’ கோபம் இல்லாமல், மரியாதை குறையாமல் சொன்னார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வந்த ஞாயிறு ரொட்டி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நீதிமன்றத்தில் ஒருநாள், எதிராளி உனக்கு உறவா என்று ஒரு சாட்சியைக் கேட்டார்கள். லயத்துக் கிழவர். ‘ஒறவுன்னு இல்லீங்க, ஆனா எனக்கு மகன் மாதிரி’ என்றார். உறவு இல்லை என்று மட்டும் மொழிபெயர்ப்பதுதான் என் பழக்கம், மிச்சம் கேட்கப்படாதது. அன்று மிச்சத்தையும் சொன்னேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். கிழவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எனக்கும் ஆறுதல் இல்லை.

போன ஞாயிறு நானே மலை ஏறிப் போனேன். அண்ணி லயத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க ஐயா. யாரப் பாக்கணும்?”

“உங்களைத்தான் அண்ணி.”

“அண்ணியா? இது ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல கொழுந்து எடுக்குற பொம்பள வீடுங்க. தப்பா வந்துட்டீங்க.”

பக்கத்துக் காம்பராப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் வழிநெடுக யோசித்து வைத்திருந்த வாக்கியங்களைத் தொடங்கினேன். என் நடத்தை மன்னிக்கத்தக்கது அன்று என்றும், அதற்கான காரணங்களை மறைக்காமல் கூறுவதற்காகவே வந்தேன் என்றும்.

“கோர்ட்டுப் பாஷ பேசாதீங்க. வெறகு ஈரமா இருக்கு, எனக்கு வேல கெடக்கு.”

“மறுபடியும் போவோம் அண்ணி. பீலித் தண்ணீர் பிடியுங்கள். செம்பை நான் தொடமாட்டேன். நீங்களே ஊற்றுங்கள்.”

அவர் விறகை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அந்தாளு மறுபடியும் கேப்பாருல்ல, இவங்க யாருன்னு?”

“என் அண்ணி என்று சொல்வேன்.”

“இங்க நின்னு சொல்றது லேசுங்க. இந்த லயத்துல அது யாருக்குத் தெரியாது? அந்தப் படியில நின்னு, அந்தாளு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் நீங்க தம்பியா ஐயாவான்னு நான் சொல்றேன்.”

தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கினேன்.

அண்ணே, வாடைக்காற்று ஓய்ந்து அந்தக் கடல் வள்ளத்துக்கு இசையும் பங்குனியில் நாங்கள் போகிறோம். விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். உறவுக்குச் சான்று கேட்டால் என்னிடம் ஒரு தாளும் இல்லை. அச்சில் வரும் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். ஆனால் அண்ணியிடம் எழுத்துச் செல்லுபடியாகாது.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். படியில் அண்ணி முதலில் ஏறுவார். நான் பின்னால் ஏறுவேன். நீங்கள் கிடந்த அறை எது என்று நானே விசாரிப்பேன். யாருக்காக என்பதையும் சொல்வேன். அண்ணி ஊற்றும்போது உங்கள் பெயரை உரக்கச் சொல்வேன். இவர் யார் என்று ஓவர்சியர் கேட்டால் பதில் சொல்வேன். இந்த முறை அவர் கேட்காமலே விட்டுவிட்டாலும், நான் சொல்வேன்.

தம்பி என்று ஒப்பமிட அண்ணியின் சொல்லுக்குக் காத்திருக்கும்,
சிதம்பரம்
பதுளை